பதினாலாவது திருத்தம்

"பதினாலா? ஒரே பக்கத்துல பதினாலு தப்பா?"

தையலக்காவின் குரலுக்கு மாலை வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இணையப் பக்கம் செய்யப் பழகும் பன்னிரண்டு பேர் அங்கே. ஒருவர் செய்ததை மற்ற பதினொரு பேரும் ஒரு வாரம் பார்த்துவிட்டு, பெயர் போடாமல் சீட்டில் கருத்து எழுதவேண்டும். அக்காவின் தையல்கடைப் பக்கத்துக்குப் பத்துச் சீட்டில் 'அருமை', 'சூப்பர்', 'கலக்கிட்டீங்க'. பதினோராவது மட்டும் முழுநீளத் தாள்.

பெயர் இல்லாவிட்டால் என்ன? மாத்திரை உறையில் எழுதுகிற அதே பொடி எழுத்து. மருந்துக்கடைக்காரர்தான். வகுப்பில் அவருக்குப் பெயரே பூதக்கண்ணாடி.

"நாளைக்குக் காலையில வாடிக்கைக்காரங்க எல்லாருக்கும் அனுப்பறதா இருக்கேன். மூணு மாசம் கண்ணு பூத்துப்போய்ச் செஞ்சது. இவரு எழுதினதைக் கேளுங்க!" அக்கா உரக்கப் படித்தாள். "ஒண்ணு, போன்ல பார்த்தா எழுத்து எறும்பு மாதிரி தெரியுது. ரெண்டு, அளவு கேக்கற இடத்துல கை நீளம் விட்டுப்போச்சு. மூணு, 'அனுப்பு' பொத்தானை அமுக்கினா ஒண்ணும் நடக்கலை..."

"விடுங்கக்கா. நொட்டை சொல்லலைன்னா அவருக்குத் தூக்கம் வராது" என்றார் பேக்கரிக்காரர்.

மருந்துக்கடைக்காரரின் காது சிவந்தது. "கடைசியையும் படிச்சிடுங்கம்மா."

படித்தாள். "பதினாலு, போன் நம்பர் தப்பு. மூணு தடவை கூப்பிட்டேன். மூணு தடவையும் நம்ம டீச்சர்தான் எடுத்தாங்க."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"நீங்க பார்த்துச் செய்யறதுக்கு நான் கொடுத்த மாதிரிப் பக்கத்துல என் நம்பர் இருந்தது. அதை யாருமே மாத்தலை. யாராவது கவனிக்கிறாங்களான்னு ஒரு வாரமாக் காத்திருந்தேன். கூப்பிட்டது இவர் ஒருத்தர்தான்."

'கலக்கிட்டீங்க' எழுதிய பேக்கரிக்காரர், சத்தமில்லாமல் தன் பக்கத்தைத் திறந்து நம்பரைப் பார்த்தார்.

அக்காவின் குரல் இறங்கியது. ஆனாலும் மனசு ஆறவில்லை. "அதுக்காக இப்படித் தோண்டித் துருவித் தப்புத் தேடணுமாண்ணே?"

"தப்புத் தேடலைம்மா." அவர் காலடியில் இருந்த பையைத் திறந்து, கடையில் போடும் வெள்ளைக் கோட் ஒன்றை எடுத்தார். போட்டுக் காட்டினார். கோட்டின் கை அவர் விரல்நுனி வரை மூடியது. "உங்க பக்கத்தைப் பார்த்ததும் கையைக் குறைக்க இதை இவங்ககிட்டதான் கொடுக்கணும்னு தோணிச்சு. ஆர்டர் கொடுக்கறதுக்குத்தான் பக்கத்துக்குள்ளே போனேன். போற வழியில எங்கெங்கே இடிச்சுக்கிட்டேனோ, அதை எழுதினேன்."

அக்கா பத்துச் சீட்டையும் மேசையிலேயே விட்டாள். அந்த ஒரு தாளை மட்டும் நான்காக மடித்துத் தன் பைக்குள் வைத்து, அளவு நாடாவை வெளியே எடுத்தாள். தன் பக்கத்துக்கு வந்த முதல் வாடிக்கைக்காரர் முன்னால் நிமிர்ந்து நின்றாள்.

"கையை நீட்டுங்கண்ணே. ரெண்டாவது தப்பை முதல்ல சரிபண்ணிடறேன்!"