ஆறாவது டேக்

"சாரி சார்... வசனம் மறந்துடுச்சு."

புதுமுகம் பாதி வரியில் நின்றுவிட்டாள்.

"கட்!" என்றார் இயக்குநர். ஆறாவது தடவை.

"என் தப்புதான் சார். இன்னொரு தடவை போயிடலாம்."

செட்டில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். "நாலு ஃபேஷன் மேடையில நடந்துட்டா போதும், நடிக்க வந்துடறாங்க" என்று ஒரு லைட்மேன் முணுமுணுத்தார்.

இத்தனைக்கும் சின்னக் காட்சி. அம்மா கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்து மகள் எதிரே நிற்க வேண்டும். மகள் நாலு வரி பேசிவிட்டு அழ வேண்டும். அவ்வளவுதான்.

அம்மாவாக நடித்துக்கொண்டிருந்த மேடத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

செட்டில் அவரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் ஒரு காலத்தில் மாடல்தான். பத்தொன்பது வயதில் ஷாம்பு விளம்பரத்தில் கூந்தலைச் சிலுப்பினார். ஊரே திரும்பிப் பார்த்தது. நாலு வருஷம் ஃபேஷன் மேடைகளில் நடந்தார். அப்புறம் சினிமா.

முதல் படத்துக்கு ஒரு பத்திரிகை எழுதியது: 'துணிக்கடை பொம்மைக்கு வசனம் கொடுத்திருக்கிறார்கள்.'

பொம்மை இல்லை என்று காட்ட எட்டு வருஷம் ஆயிற்று. கதாநாயகியாகப் பதினோரு படம். பிறகு அக்கா, அண்ணி. இப்போது அம்மா.

அந்த ஷாம்புக்கு இப்போது இவள் சிலுப்புகிறாள்!

வந்த முதல் நாளே மேடத்திடம் ஓடி வந்தாள். "மேடம், எங்கம்மா உங்க பயங்கர ஃபேன். சின்ன வயசுல உங்க படம் ஒண்ணு விட மாட்டாங்களாம்."

எங்கம்மா! அந்த ஒரு வார்த்தை போதாதா?

படத்துக்கு மாதிரி போஸ்டர் ஒன்று அடித்துக் காட்டினார்கள். அதில் அவள் ஆளுயரத்துக்கு நின்றாள். மேடம் மூலையில் தபால்தலை சைஸில் இருந்தார்.

"டீ பிரேக்!" என்று யாரோ குரல் கொடுத்தார்கள்.

இருபது வருஷமாகக் கூடவே இருக்கும் மேக்கப்காரி ஓடி வந்து மேடத்தின் நெற்றி வியர்வையை ஒற்றினாள்.

"நாலாவது டேக் முடிஞ்சதும் டைரக்டர் அவளை ஓரமாக் கூட்டிட்டுப் போனாரே, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டாளா?" என்றார் மேடம்.

"அப்படித்தான் தெரிஞ்சுதுக்கா. ஏதோ கெஞ்சிக்கிட்டிருந்தா. பாவம், சின்னப் பொண்ணு."

"என்னடி பாவம்? என்னைப் பொம்மைன்னு எழுதினப்போ யாரு பாவம்னு சொன்னாங்க?"

"அது எப்படி வலிக்கும்னு உங்களுக்குத்தானேக்கா தெரியும்."

"பவுடரைப் போடு."

பவுடர் போட்டு முடிப்பதற்குள் மேடம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். நேராக இயக்குநரிடம் போனார். பையன் வயது அவருக்கு. அவரது முதல் படத்தில் மேடம்தான் அண்ணியாக நடித்தார். சொன்னால் தட்ட மாட்டார்.

"உக்காருங்க மேடம்."

"உக்கார வரலை தம்பி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். ஆறு டேக் ஆச்சு, முதல் வரியையே தாண்டலை. கடைசி ரெண்டு டேக்ல பார்த்தீங்களா? நான் வர வர, அவ பின்னாடி பின்னாடி போறா. நிக்கற இடத்துல நிக்கக்கூடத் தெரியலை. இதை வச்சுக்கிட்டு படம் பூரா இழுக்கப் போறீங்களா? மூணு நாள்தானே ஆகுது, இப்பவே ஆளை மாத்திடுங்க."

இயக்குநர் டீக்குவளையைக் கீழே வைத்தார்.

"மாத்தணும்னு நாலாவது டேக்லயே முடிவு பண்ணிட்டேன் மேடம்."

"அப்படிச் சொல்லுங்க!" மேடம் இப்போது சந்தோஷமாக உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணை இல்ல மேடம்."

"பின்னே?"

இயக்குநர் குரலைத் தணித்துக்கொண்டார். "நீங்க வந்து நிக்க வேண்டிய இடத்துல தரையில சிவப்பு டேப் ஒட்டியிருக்கோம். ஆறு தடவையும் அதைத் தாண்டி ரெண்டடி வந்துட்டீங்க. உங்க நிழல் அவ முகத்துல விழுது. நான் கட் சொல்றதுக்குள்ள அவ முந்திக்கிட்டு, வசனம் மறந்துடுச்சுன்னு நிறுத்திடறா. வசனமெல்லாம் அவளுக்குத் தலைகீழாத் தெரியும் மேடம்."

மேடம் செட் பக்கம் திரும்பிப் பார்த்தார். தரை தெரிந்தது. சிவப்பாக எதுவும் தெரியவில்லை. ஆறு மாதமாகவே இப்படி ஒரு மங்கல். டாக்டரிடம் போனால் விஷயம் வெளியே கசிந்துவிடும் என்று, பெற்ற மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

"மேடத்தை மாத்தப் போறேன்னு அவகிட்ட சொன்னேன். விடவே இல்ல. இன்னும் ரெண்டு டேக் கொடுங்க, நான் பின்னாடி தள்ளித் தள்ளி நின்னு சமாளிச்சுக்கறேன்னு ஒரே கெஞ்சல்."

"ஏனாம்?" என்றார் மேடம்.

"நானும் அதைத்தான் கேட்டேன் மேடம். 'எனக்கு நடிக்கத் தெரியலைன்னு பேர் வந்தா வரட்டும் சார், அடுத்த படத்துல நடிச்சுக் காட்டிக்கறேன். அவங்களுக்குக் கண்ணு தெரியலைன்னு வெளியில தெரிஞ்சா, அடுத்த படமே வராதே'ன்னா."