இன்னாசி இடித்த கேமரா

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு அலுவலகத்தில் எடுபிடி வேலை எல்லாம் இன்னாசிக்குத்தான். இன்று காலை பல்பு மாற்றப் போனவன் ஏணியால் இடித்ததில் வராந்தா கேமரா தூள்.

“சாயங்காலத்துக்குள்ள வேற மாட்டணும்!” என்று கத்தினார் மேனேஜர்.

கேமராவுக்கு நேர் கீழேதான் பெண்கள் பாலியல் தொல்லை பற்றிப் புகார் போடும் பெட்டி. பெட்டி பத்திரமாக இருக்குமென்று அந்த இடத்தைப் பிடித்த மூளையும் இன்னாசியுடையதே. ஒரு வருடமாக அதில் விழுந்தது சாக்லேட் காகிதம் மட்டும். இன்று மதியத்துக்குள் கடிதங்கள் பிதுங்கின!

“உமைமா, இன்னாம்மா திடீர்னு?” என்று பில் போடும் பெண்ணிடம் கேட்டான் இன்னாசி.

“தெரியாதுண்ணா. டீ ஆறுது பாரு.”

கேன்டீனில் கேட்டான். எல்லாரும் சாம்பாரைப் பற்றியே பேசினார்கள்.

“போடுங்க போடுங்கன்னு வருஷம் பூரா தொண்ட கிழிய கத்துனேன். இப்ப ஒருத்தியும் வாயத் தொறக்க மாட்டேன்றீங்களே!”

புதுக் கேமராவும் ஏணியுமாகப் புலம்பிக்கொண்டே வந்தான். புகார்க் குழுத் தலைவி சில்வியா பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தார்.

“மேடம், யாரு மேல புகாரு?”

“அதச் சொல்லக் கூடாது இன்னாசி. சட்டம்.”

“இன்னிக்கு மட்டும் ஏன் போட்டாங்க? அதையாவது சொல்லுங்க. பேஜாரா கீது!”

சில்வியா பெட்டியைப் பூட்டினார்.

“மொதல்ல அந்த ஏணியக் கீழ வை. இந்தப் பெட்டியாண்ட யாரு வந்தாலும் மேனேஜர் ரூம் டிவியில மூஞ்சி தெரியும். அந்த டிவிய அங்க மாட்டுனதும் நீதான், நைனா.”