பேச்சுத் துணை

"உள்ள வந்து நீ வாயத் திறக்காத. நான் பேசிக்கிறேன்," என்றாள் மூத்தவள்.

"போன தடவையும் நீதான்க்கா பேசின. என்ன கிடைச்சுது?"

"இந்தத் தடவை கிடைக்கும். பேசாம வா."

இருவரும் ஓரகத்திகள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் மூத்தவள். தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் இளையவள். மருத்துவமனையின் சலவைப் பிரிவில் ஆறு வருடத்துக்கு முன்பு ஒன்றாகத்தான் வேலைக்குச் சேர்ந்தார்கள். மேலாளர் அம்மாவுக்கு ஆங்கிலம் தவிர வேறு பாஷை தெரியாது. இளையவளுக்கோ ஆங்கிலம் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் லீவு கேட்பதிலிருந்து எல்லாவற்றுக்கும் மூத்தவள்தான் பேச்சு.

"உன் வாய் எங்கடி, காணோம்?" என்று கூட வேலை செய்கிற பெண்கள் இளையவளைக் கேலி செய்வார்கள். அவளும் சிரித்துவைப்பாள்.

ஆனால் இந்த ஒரு வருடமாகச் சிரிப்பு வரவில்லை. மூத்தவள் துணியைத் தொடுவதே இல்லை. மேலாளர் ஏதாவது சொன்னால் வந்து நின்று தமிழில் சொல்வாள். மற்ற நேரமெல்லாம் மூலையில் நாற்காலிதான்.

"வேலை எனக்கு, பேச்சு அவங்களுக்கு. நல்லா இருக்கு நியாயம்," என்று இளையவள் வீட்டில் புலம்பினாள்.

இடுப்பு ஒடிந்து ஐந்து மாதமாகப் படுக்கையில் கிடக்கிற கணவன் கூரையைப் பார்த்தபடி சொன்னான்: "விடு. அண்ணன் போனப்புறம் அண்ணிக்கு யாரு இருக்கா? ஏதோ ஓடுது."

அவளால் விட முடியவில்லை. இந்த மாதத்தோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நிரந்தரமாக்கினால் அவன் வைத்தியத்தை மருத்துவமனையே பார்த்துக்கொள்ளும். இல்லையென்றால் இருக்கிற வேலையும் போய்விடும்.

நான்கு மாதமாக, செல்போனை வைத்துக்கொண்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஆங்கிலம் படித்தாள். ஒருநாள் மூத்தவள் காதில் விழுந்துவிட்டது.

"இதெல்லாம் உனக்கு எதுக்குடி? ஒரு வார்த்தை தப்பினா சிரிப்பாங்க. நான் இருக்கேன்ல?"

அந்தப் பேச்சு முள்ளாகத் தைத்தது. நாம் முன்னேறினால் இவளுக்குப் பொறுக்காது என்று மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

மேலாளரின் அறையில் மூத்தவள் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள். இளையவள் சட்டென்று எழுந்தாள். குரல் நடுங்கவில்லை.

"மேடம், நானே பேசுகிறேன்," என்றாள் ஆங்கிலத்தில். "ஆறு வருடமாக வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு தேய்க்கிறேன். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. என்னை நிரந்தரமாக்குங்கள்."

நடுவில் ஓரிடம் தடுமாறியது. நிற்காமல் பேசி முடித்தாள்.

மேலாளரின் பேனா நின்றது. முகம் மலர்ந்தது. நிதானமாக, அவளுக்குப் புரியும்படி கேட்டார்: "இனி உனக்காக இவர் பேச வேண்டாமா?"

"வேண்டாம் மேடம். எனக்காக யாரும் பேச வேண்டாம்."

மேலாளர் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார். பிறகு மூத்தவள் பக்கம் திரும்பி, வேகமாக, நீளமாக ஏதோ சொன்னார். கோப்பில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

"கடகடன்னு சொல்லிட்டுப் போறாங்களே. கடைசியில ஒண்ணும் புரியலக்கா. என்ன சொன்னாங்க?"

மூத்தவள் எப்போதும் போல ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்:

"உன்னை நிரந்தரம் பண்ணிட்டாங்களாம். ரொம்ப நல்லாப் பேசினியாம். எனக்குக் கண்ணு மங்கினப்புறம், உனக்குப் பேசறதுக்காக மட்டும்தான் என்னை வெச்சிருந்தாங்களாம். நாளையிலேருந்து நான் வர வேண்டாமாம்."