வெறுங்காலுக்கு அனுமதி இல்லை

காக்கி உடுப்பு, தோளில் மூன்று நட்சத்திரம், கக்கத்தில் லத்தி. இப்படி ஒருவர் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றதும், பி.டி. மாஸ்டர் சென்னியப்பன் ஊத எடுத்த விசில் வாயிலேயே நின்றுவிட்டது.

வந்தவருக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்ததும் மாஸ்டர் விசிலை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பிளஸ் ஒன் முத்துச்செல்வி! நேற்று இதே வாசலில், அத்தனை பேர் முன்னாலும் நிறுத்திவைத்து அவர் ஏசிய பிள்ளை.

காலில் ஷூ இல்லை, கழுத்தில் சிவப்பு மணி மாலை. விடுவாரா? "இது பள்ளிக்கூடமா, சந்தையா? நாளைக்கு ஷூ போட்டு வரோணும். இல்லீன்னா உங்கப்பனைக் கூட்டிட்டு வரோணும். ரெண்டும் இல்லீன்னா கணக்குப் பரீட்சை எழுத முடியாது!" என்று கத்தித் தீர்த்துவிட்டார். அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், சட்டையை வெளியே விட்டிருந்த வேறொருவனைப் பிடிக்கப் போய்விட்டார்.

தலைமையாசிரியை உமாராணி அப்போதே சொன்னார்: "பிள்ளைங்க என்ன உடுத்திட்டு வந்தாலும் வாசல்ல வச்சு ஏசாதீங்க சார். தனியா கூப்பிட்டு ஏன்னு ஒரு வார்த்தை கேளுங்க."

"ஒருத்தரை விட்டா நாளைக்கு ஊரே வெறுங்காலோட வருமுங்க மேடம். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்க" என்றார் சென்னியப்பன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஜூன் மாசம்தான் முத்தையாபுரம் வந்திருந்தார். ஆனால் மனிதர் பிடித்த முயலுக்கு எந்த ஊரிலும் மூன்றே கால்தான்.

இந்த ஊர் வழக்கம் எதுவும் அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்று காலை பஸ்ஸில், தசரா நேர்த்திக்கடனுக்கு வேசம் கட்டி, நாக்கைத் தொங்கப்போட்ட காளி ஒருவர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார். கண்டக்டர் பாட்டுக்குக் காளிக்கும் ஒரு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். மாஸ்டருக்கு இறங்கும்வரை வேர்த்தது.

இப்போது அதைவிட அதிகமாக வேர்த்தது.

"சார், நான் முத்துச்செல்வியோட அப்பா. கூட்டிட்டு வரச் சொன்னீயளாம்" என்றார் வந்தவர்.

"ஐயோ, வாங்க, வாங்க! நீங்க எதுக்குங்க இத்தனை தூரம்? ஒரு போன் போட்டிருந்தா நானே வந்திருப்பனுங்களே! யாரங்கே, ஒரு சேர் கொண்டாங்க!"

"சேரெல்லாம் வேண்டாம் சார். பிள்ளை அம்மனுக்கு மாலை போட்டிருக்கா. அவ அம்மைக்கு ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சா, தசரா முடியுத வரைக்கும் காலுல செருப்பு போட மாட்டேன்னு நேந்துக்கிட்டா. இப்போ அவ அம்மை எந்திரிச்சு நடக்கா. நேத்து ராத்திரி பூரா ஒரே அழுகை. ஷூ போட்டா அம்மனுக்கு ஆகாது, போடலேன்னா பரீட்சை போயிரும். என்ன செய்வா, சொல்லுங்க?"

சென்னியப்பனுக்கு உள்ளபடியே சுருக்கென்றது. ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்தான். ஆனாலும் அந்தச் சுருக்கைவிட, கக்கத்து லத்திதான் அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிந்தது.

"இதை நேத்தே சொல்லக் கூடாதா கண்ணு? ஓடு, ஓடு! மணி அடிக்கப் போகுது, நல்லா எழுது!"

முத்துச்செல்வி முகமெல்லாம் சிரிப்பாக, பரீட்சை ஹாலைப் பார்த்து வெறுங்காலோடு ஒரே ஓட்டம் ஓடினாள்.

சத்தம் கேட்டு உமாராணி அங்கே வந்தார். மாஸ்டர் விறைப்பாக நின்று அறிக்கையே வாசித்துவிட்டார்: "மேடம், இனிமே காரணம் கேக்காம எந்தப் புள்ளையையும் வாசல்ல நிறுத்த மாட்டனுங்க. நேர்த்திக்கடன்னா ஷூ வேண்டாமுங்க!"

உமாராணி வந்தவரை உச்சியிலிருந்து பாதம்வரை பார்த்தார். பாதத்தில் பார்வை கொஞ்சம் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு, "சொன்ன சொல்லு மாற மாட்டீங்கள்லா சார்?" என்று கேட்டார்.

"சத்தியமா மாற மாட்டனுங்க. இன்ஸ்பெக்டர் சாரே சாட்சிங்க!"

வந்தவர் பெருமையாக மீசையை முறுக்கிக்கொண்டார்.

அப்போதுதான் மாஸ்டரும் அந்தப் பாதங்களைப் பார்த்தார். பூட்ஸ் இல்லை! வெளியிலேயே கழற்றிவிட்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தைக் கோயிலாக நினைக்கிற இப்படியும் ஒரு போலீஸ்காரரா! சென்னியப்பனுக்குப் புல்லரித்துப் போனது.

வழியனுப்ப அவரே கூட நடந்தார். "இன்னிக்கு எந்தப் பக்கமுங்க ரோந்து?"

"மார்க்கெட்டுப் பக்கந்தான் சார். கடை கடையா ஏறி வாங்கணும்லா? அண்ணாச்சிமாரு ஒருத்தரும் இல்லேன்னு சொல்ல மாட்டாவ."

இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிற அதிகாரியை மாஸ்டர் தன் ஆயுளில் கண்டதில்லை. விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

வந்தவரும் பதிலுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பிறகு தோள்பையிலிருந்து மஞ்சள் துணி சுற்றிய உண்டியல் ஒன்றை எடுத்து, மாஸ்டர் முன்னால் கலகலவென்று குலுக்கினார்.

"இ... இது என்னங்க?"

"அம்மன் காணிக்கை சார். போன வருசம் எனக்குக் கரடி வேசம், இந்த வருசம் போலீஸ்!"