இரண்டாம் முறை தோய்த்தவன்

சேந்தன் ஆறு மணிக்கு எழுந்தான், பல் துலக்கினான், ஒரு கை அரிசியை வேகவைத்தான், சட்டைக்கு இஸ்திரி போட்டான். மனைவி கோதை இறந்த பிறகு நாற்பது நாளாக இப்படித்தான் வேலைக்குப் போகிறான்.

மதியம் கூட வேலை செய்யும் ஞானராஜ் அவனை ஒசாகா நகரத்துச் சந்துக்கடை ஒன்றுக்கு இழுத்துப் போனான். குச்சியில் குத்திப் பொரித்த இறால், தாமரைக்கிழங்கு. எல்லோருக்கும் பொதுவாக ஒரு தகரத்தில் சாஸ். கடிக்கும் முன் ஒருமுறை தோய்க்கலாம், கடித்த பின் கூடாது. ஞானராஜ் கடித்ததையே மறுபடி தோய்த்தான்.

"ஒரு தடவைதான்டா" என்றான் சேந்தன்.

"ஜப்பான்காரனவிட நீ ஆச்சாரம் பாக்குற மாப்ள!" சிரித்துக்கொண்டே இன்னொரு முறை தோய்த்தான்.

சேந்தன் காலிக் குச்சியை எடுத்து ஞானராஜின் புறங்கையில் இறக்கினான். அது மறுபக்கம் வந்து பலகையில் முறிந்தது. ரத்தம் சாஸில் சொட்டியது. கடைக்காரர் முதலில் தகரத்தைத்தான் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"ஏன்டா?" என்று ஞானராஜ் அலறினான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கோதை கண்மூடினாள் என்றுதான் சேந்தன் எல்லோரிடமும் சொல்லியிருந்தான். உண்மையில், ஆஸ்பத்திரியில் கஞ்சியின் சூட்டை நாக்கில் பார்த்துவிட்டு அதே கரண்டியை அவளிடம் நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் போய் வருவதற்குள் அவள் இல்லை. அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"எச்சி பண்ணிட்டீங்களா? ச்சீ. வேற கொண்டாங்க."