வளைவில் திரும்பாத கார்

கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா, பந்தய மைதானத்தில் ஒரு காலைப்பொழுதில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மருமகள் பந்தயக் கார் ஓட்டுகிறவள். மாமியார்தான் அவளுக்கு மெக்கானிக்.

“அத்தை, வளைவுல ஸ்டீயரிங்க ஒடிச்சாலும் கார் அடங்காம நேராவே போகுது. முன்பக்க சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்குங்க. அப்பதான் வேகமா திரும்ப முடியும்.”

வேகம் என்றதும் மாமியாருக்குப் பகீரென்றது. சரியாகத் திரும்பாத கார் என்றால் மெதுவாகத்தானே ஓட்டுவாள்? எதையும் தொடாமலே, “இளக்கிட்டேம்மா” என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை எடுத்துவந்து கொடுத்தாள்.

கார் சீறிப் புறப்பட்ட பிறகுதான் உறைத்தது. இளக்கியாயிற்று என்று நம்பி, முழு வேகத்தில் அல்லவா வளைவுக்குள் போவாள்!

“நிறுத்துடி!” என்று கத்தினாள், இன்ஜின் இரைச்சலில் அது மருமகளுக்குக் கேட்கவில்லை. வளைவு நெருங்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மோதும் சத்தம் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தால், கார் அழகாக வளைந்து வந்து எதிரே நின்றது.

“ஏன் அத்தை இப்படி வேர்த்துக் கொட்டுது?”

“பாவி நான், பொய் சொல்லிட்டேன்டி. அதை நான் தொடவே இல்ல!”

“தெரியுமே. உங்க ஸ்பேனர்ல ஒரு பொட்டு அழுக்கு இல்ல. நீங்க ஹெல்மெட் எடுக்கப் போனப்ப நானே இளக்கிட்டேன்.”

உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வரட்டும், கண்ணுகளா.