வளர்ந்த கொடிக்கம்பம்

வடக்கே ஒரு பனிச் சீமையில், மான் கூட்டம் கன்று ஈனப் போகும் தடத்தின் நடுவே கப்பல்காரர்கள் ஒரு கொடிக்கம்பத்தை நட்டார்கள்.

"இந்த மண்ணின் சரித்திரம் என்னிலிருந்துதான் தொடங்குகிறது. சுற்றிப் போ" என்றது கம்பம்.

"பெரும்பனி உருகின நாள்லேர்ந்து இதுதான் எங்க வழி. எங்க தடத்தைப் பாத்துத்தான் மனுசங்களே இங்க வந்தாங்க" என்ற தாய்மான், கம்பத்தை உரசிக்கொண்டு நேரே நடந்தது.

கப்பல்காரர்கள் சீமையை விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர்கள் அதே கம்பத்தில் தங்கள் கொடியை ஏற்றினார்கள். ஒவ்வொரு குளிரிலும் மண் உறைந்து உப்பி, கம்பத்தை ஒரு விரற்கடை மேலே தள்ளியது.

"பார்த்தாயா, வளர்கிறேன்" என்றது கம்பம்.

"மண்ணு உன்னை வெளிய தள்ளுது" என்றது அந்த வருடம் முன்னே வந்த மான், நிற்காமல்.

வாங்கியவர்களின் நாட்டில் சீமையும் ஒரு மாநிலமானது. மேளதாளத்தோடு புதுக்கொடி ஏறியது. "இனி என்னை யாரும் அசைக்க முடியாது" என்றது கம்பம்.

அடுத்த மழைக்காற்றில் சாய்ந்துவிட்டது. வசந்தத்தில் மான்கள் அதை ஒவ்வொன்றாகத் தாண்டின.

"எனக்குப் பதிலாக யாரையாவது நட்டார்களா?" என்று கேட்டது கம்பம்.

"குளிருக்கு முன்னாலயே, நாங்க வர்ற வழியில இரும்புல ஒண்ணு. அதுக்குள்ள ஒரு விரற்கடை வளந்துட்டேன்னு சொல்லுது" என்றபடி கடைசி மானும் தாண்டிப் போனது.